பறக்கப் பழகும்போது வயிற்றைப் புரட்டுகிறதா?

கே: ஒவ்வொரு வகுப்பிலும் அரை மணி நேரத்துக்குள் குமட்டல் ஆரம்பித்துவிடுகிறது. விமானம் ஓட்டும் யோகமே எனக்கு இல்லையோ?

அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். புதிதாகக் கற்பவர்களில் பலருக்கு இது வருவதுதான். பெரும்பாலோருக்குப் பழகப் பழகக் குறைந்துவிடும். 1961-ல் வோஸ்டாக் 2 விண்கலத்தில் பூமியைச் சுற்றிய கெர்மன் டிட்டோவ் தேர்ந்த போர் விமானி. அவருக்கே மேலே போனதும் குமட்டியது.

உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு 'சாய்கிறோம், திரும்புகிறோம்' என்கிறது. காக்பிட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண், 'எதுவும் அசையவில்லையே' என்கிறது. இந்தத் தகராறு கடைசியில் வயிற்றின் தலையில் வந்து விடிகிறது. மூளை இதற்குப் பழக, கொஞ்ச நேரமானாலும் அடிக்கடி பறக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் பறப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று முறை அரை மணி நேரம் பறப்பது மேல். நீண்ட இடைவெளி விட்டால் பழகியதும் போய்விடும். முடிந்தால் காலை வகுப்பாகக் கேளுங்கள். வெயில் ஏறினால் தரை சூடாகிக் காற்று மேலெழும். சின்ன விமானம் குலுங்கும்.

கே: இன்ஸ்ட்ரக்டர் ஸ்டீப் டர்ன் (விமானத்தை நன்றாகச் சாய்த்துத் திருப்புவது) செய்து காட்டும்போது புரட்டுகிறது. நானே ஓட்டினால் அவ்வளவு இல்லை. ஏன்?

கார் ஓட்டுபவரைவிடப் பின்சீட்டில் இருப்பவருக்குத்தானே அதிகம் குமட்டும்? அதே கதைதான். அடுத்த அசைவு ஓட்டுபவருக்கு முன்பே தெரியும். அதனால் கன்ட்ரோலை அதிக நேரம் உங்களிடமே தரச் சொல்லுங்கள். அவர் செய்து காட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திருப்பட்டும். கண் தொடுவானத்தில் இருக்கட்டும்.

முக்கியமாக, திருப்பத்தில் குனியாதீர்கள். கீழே விழுந்த பென்சிலைத் தேடித் தலையைத் திருப்பினால் போதும், உட்காதின் அரைவட்டக் குழல்களில் திரவம் தாறுமாறாக அசைந்து உலகமே சுழல்வதுபோல் இருக்கும். பென்சில் கிடக்கட்டும். நேராகப் பறக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

கே: மாத்திரை போட்டுக்கொண்டு பறக்கலாமா?

தனியாகப் பறக்கும் நாளில் கூடவே கூடாது. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் போன்றவை தூக்கக் கலக்கம் தரும். ஸ்கோபோலமைன் பார்வையை மங்கச் செய்யலாம். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்தாலும், விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் போடாதீர்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, தூக்கமும் வராது.

கே: வெறும் வயிற்றோடு போனால் நல்லதா?

இல்லை. எண்ணெய் இல்லாமல் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கே: இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சமாளித்துவிட முடியாதா?

அடக்கப் பார்ப்பதுதான் வம்பு. ஓயாத கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை: இவை வந்தவுடனே சொல்லிவிடுங்கள். விமானத்தை நேராக்கி, ஏர் வென்ட்டை முகத்துக்குத் திருப்பி, தலையைச் சீட்டில் சாய்த்தால் பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம். யாரும் அதைத் தோல்வியாக எழுதி வைப்பதில்லை.

அப்புறம், வாந்திப் பை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பின்சீட்டில் கிடக்கும் பை எதற்கும் உதவாது. வந்தே தீரும் என்றால் முதலில் கன்ட்ரோலை ஒப்படையுங்கள். 'வாங்கிக்கொண்டேன்' என்று அவர் சொன்ன பிறகு பையை எடுங்கள்.