பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் வயது வரம்பைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 28 வயது. 2018-ல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன், பி.எட். படிக்கவில்லை. கல்யாணம், குழந்தை என்று இதுவரை வேலைக்கே போகவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள். எங்கள் ஊர் கணினிப் பயிற்சி மையம் ஒன்று, ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று சொல்லி 40,000 ரூபாய் கேட்கிறது. சேரலாமா? போன வருடம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த என் தம்பிக்கும் ஒரு வழி சொல்லுங்கள். – திண்டுக்கல் வாசகி

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். அந்த மையம் மோசமானது என்று சொல்ல வரவில்லை. ஆனால், உங்களுக்கு இருக்கும் அவசரம் வேறு. கணினி வகுப்பில் அடுத்த வருடமும் சேரலாம், வங்கித் தேர்வு அப்படிக் காத்திருக்காது.

பொதுத்துறை வங்கி கிளார்க் பணிக்கு, வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். (இப்போது ‘கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்’ என்ற பெயரில் அறிவிப்பு வருகிறது. பெயரைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ வேலை என்று கடந்துபோய்விடாதீர்கள்.) வயது வரம்பு 20 முதல் 28. ஓபிசி பிரிவினருக்கு (மத்திய அரசுப் பட்டியலில் உள்ள பிற்படுத்தப்பட்டோர்) 3 ஆண்டு தளர்வு உண்டு. அந்தத் தளர்வை நம்பித்தான் உங்கள் வாய்ப்பே இருக்கிறது. ஆங்கிலப் பகுதியைத் தவிர மற்றதைத் தமிழிலேயே எழுதலாம். கணக்குப் பகுதி உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை.

பலர் தடுக்கி விழுவது சான்றிதழில்தான். தமிழ்நாட்டு சாதிச் சான்றிதழ் மட்டும் இருந்தால் இங்கே போதாது. மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும், ‘நான்-கிரீமி லேயர்’ (அதாவது, வசதியான பிரிவில் வராதவர்) என்ற குறிப்போடு. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கல்யாணமானவர்கள் கணவர் வருமானத்தைக் காட்டிக் குழம்பிப்போவார்கள். கிரீமி லேயர் விஷயத்தில் பார்ப்பது உங்கள் பெற்றோரின் நிலையை, கணவருடையதை அல்ல. தேர்வு அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, இந்த வாரமே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இதே தேர்வுக்கு அடிப்படைக் கணினி அறிவுக்கான சான்றும் கேட்பார்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ கணினியை ஒரு பாடமாகப் படித்திருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் சின்னதாக ஒரு சான்றிதழ் வகுப்பு. அதற்கு 40,000 ஆகாது!

கூடவே, மாநில அரசுப் பணிகளுக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு. பத்தாம் வகுப்புத் தகுதிதான், ஒரே ஒரு எழுத்துத் தேர்வு, நேர்முகம் கிடையாது. 200 கேள்விகளில் 100 தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கணிதப் பட்டதாரிகள் பொதுவாக இங்கேதான் சறுக்குகிறார்கள். திறனறிவில் வரும் 25 கேள்விகளை ஊதித்தள்ளிவிட்டு இலக்கணத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். ஒன்று முதல் பத்து வரை தமிழ்வழியில் படித்திருந்தால், அதற்கான சான்றை இப்போதே பள்ளியில் வாங்கி வையுங்கள். 20 சதவீத இடஒதுக்கீடு அதில் இருக்கிறது.

பயிற்சிக்கு எங்கே போவது? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கே போங்கள். பதிவு செய்யவும் புதுப்பிக்கவும் மட்டும்தான் அந்த இடம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அங்கே இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித்தேர்வுகளுக்கு இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் நடக்கின்றன. குழந்தையை விட்டுவிட்டு வர முடியாத நாட்களில், அதே துறையின் ‘தமிழ்நாடு கேரியர் சர்வீசஸ்’ இணையதளத்தில் பாடங்களைப் பார்க்கலாம்.

காலாவதியான பதிவைப் பற்றி ரொம்ப வருத்தப்பட வேண்டாம். வங்கிக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் அந்தப் பதிவு தேவையே இல்லை. புதிதாகப் பதிந்தால் பழைய பதிவுமூப்பு போய்விடும், அவ்வளவுதான். விட்டுப்போனவர்கள் புதுப்பித்துக்கொள்ள அரசு அவ்வப்போது சலுகை தருவதுண்டு, அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்கும் பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால் பதிவு அறுபடாமல் இருந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. அதனால் உங்களுக்கு இப்போது வராது.

தேர்வு முடிவு வரும்வரை கையில் காசு வேண்டுமே? அதே அலுவலகத்தில் தனியார் நிறுவனங்களுக்கான ஆள்சேர்ப்பு முகாம்கள் நடக்கும். தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையத்திலும் பதிந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. முகாமில் சம்பளம் சொல்லும்போது, பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். இடையில் விட்ட வருடங்களை மறைக்க வேண்டாம். ‘குழந்தை வளர்ப்பு’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். சீருடைக்கு, லேப்டாப்புக்கு என்று டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மையத்தில் சேரத்தான் வேண்டும் என்றால், ‘வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப’ என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த நிமிடமே உத்தரவாதத்தின் நிறம் தெரிந்துவிடும். முந்தைய பேட்ச்சில் படித்த இரண்டு மூன்று பேரிடம், எந்த ஊரில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று நீங்களே பேசிப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். பணத்தை இழந்தவர்களைவிட, அசலைத் திரும்ப வாங்க அலைந்தவர்களின் கதைகள்தான் எனக்கு அதிகம் வருகின்றன.

தம்பிக்கு வழி இன்னும் நேரானது. டிப்ளமோ முடித்த சூட்டோடு அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ‘நாட்ஸ்’ என்ற மத்திய அரசுத் தளத்தில் பதிந்தால் போதும். ஓராண்டு பயிற்சி, மாத உதவித்தொகை உண்டு, முடிவில் மத்திய அரசின் சான்றிதழ் கிடைக்கும். அந்த நிறுவனமே வேலை தரும் என்று உறுதி கிடையாது. ஆனால் ‘அனுபவம் இருக்கிறதா’ என்று அடுத்த கம்பெனியில் கேட்கும்போது காட்ட ஒரு வருடம் இருக்கும்.