ஆங்கிலத்தில் பேச்சு பாதியில் நின்றுபோகிறதா? கேள்வி பதில்

பெரியவர்களுக்குப் பல வருடங்களாக ஆங்கிலப் பேச்சு சொல்லிக்கொடுக்கிறேன். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: ஆரம்பிக்க வருகிறது, தொடர வரவில்லை. சொல்வளம் போதாததுதான் காரணம் என்று எல்லோருமே நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை அது காரணமே இல்லை.

“ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?” என்று கேட்கிறார்கள். “குட்” என்கிறேன். அதோடு இரண்டு பேரும் சும்மா நிற்கிறோம். என்ன செய்ய?

“குட்” என்றதும் கதவைச் சாத்திவிட்டீர்கள், அவர் பிடித்துக்கொள்ள அதில் எதுவுமே இல்லை. ஒரே ஒரு விவரம் கூடச் சேருங்கள். “குட், ஐ ஃபைனலி ஃபிக்ஸ்ட் மை சைக்கிள்.” இப்போது அவருக்குக் கேட்க விஷயம் கிடைத்துவிட்டது, சைக்கிளுக்கு என்ன ஆச்சு என்று கேட்கலாம், நீங்களே சரி செய்தீர்களா என்று கேட்கலாம், “ஃபைனலி” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏன் இவ்வளவு நாள் ஆச்சு என்றும் கேட்கலாம். பெரிய கதை வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்வதில் தவறே இல்லை, என் மாணவர்களைத் திங்கட்கிழமை காலையில் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

நான் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகிறேன், விசாரணை மாதிரி ஆகிவிடுகிறதே?

பட்டியலில் அடுத்து இருப்பதைக் கேட்பதால் வரும் வினை இது. அவர் சொன்னதிலிருந்தே கேளுங்கள். “ஐ மூவ்ட் லாஸ்ட் மன்த், ஸ்டில் லிவிங் அவுட் ஆஃப் பாக்ஸஸ்” என்கிறார் என்று வையுங்கள், உடனே “வேர் டூ யூ வொர்க்?” என்று தாவாதீர்கள். “ஸ்டில் இன் பாக்ஸஸ்?” என்று அவர் சொல்லையே கொஞ்சம் இழுத்துத் திருப்பிச் சொன்னால் போதும், மீதியை அவரே சொல்வார். இரண்டு கேள்வி கேட்டால் நடுவில் உங்கள் விஷயம் ஒன்றையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. தமிழில் ஒருவர் பேசும்போது நாம் “ம்”, “அப்படியா”, “அப்புறம்?” என்று கொட்டிக்கொண்டே இருப்போம். ஆங்கிலம் என்றதும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறோம், பேசுபவர் இவருக்குச் சலிப்பு போலிருக்கிறது என்று நிறுத்திவிடுகிறார். “ரைட்”, “ஓ நோ”, “டிட் யூ?” என்று நடுவில் போடுங்கள். அவர் “ஐ மிஸ்ட் த பஸ்” என்றால் “டிட் யூ?”, “ஐ வாஸ் சிக்” என்றால் “வெர் யூ?”. சின்னச் சொற்கள்தான், ஆனால் பேச்சுக்கு ஊன்றுகோல் இவைதான்.

நான் வாக்கியம் அமைப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது.

அது உங்கள் மந்தம் இல்லை. 2009-இல் பத்து மொழிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் இடைவெளி சராசரியாக 200 மில்லி செகண்டு அளவில்தான் இருந்தது. கண் இமைக்கும் நேரம். அதற்குள் யாராலும் வாக்கியம் கட்ட முடியாது, எதிராளி பேசும்போதே பதிலைத் தயார் செய்துவிடுவதால்தான் இந்த வேகம் வருகிறது. நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தமிழில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் வினைச்சொல்லை வைப்போம்: “நேற்று மழையில் நனைந்துகொண்டே வந்த தம்பிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.” இதை அப்படியே மனதில் முழுதாக வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் பார்த்தால் மூச்சு முட்டும். ஆங்கிலத்துக்கு யார், என்ன என்பது முதலில் வரவேண்டும். “மை பிரதர் ஹாஸ் அ ஃபீவர்.” சொல்லிவிட்டீர்களா? சரி, இப்போது அடுத்தது. “ஹீ வாக்ட் ஹோம் இன் த ரெயின்.” துண்டு துண்டாகப் பேசுங்கள், பேச்சு மொழியே அப்படித்தான். நேரம் வேண்டுமென்றால் “வெல்”, “லெட் மீ திங்க்” என்று சொல்லுங்கள், நாம் “வந்து…”, “அதாவது…” என்று இழுப்பதுபோல. மௌனமாக இருந்தால் உங்கள் முறை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நடுவில் ஒரு சொல் வராமல் அப்படியே நின்றுவிடுகிறேன்.

சுற்றிச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு அம்மாவுக்கு “லேடர்” என்ற சொல் வரவில்லை. இரண்டு கையையும் மாற்றி மாற்றி மேலே தூக்கிக்கொண்டே “த திங் யூ கிளைம்ப், டு ரீச் த டாப் ஷெல்ஃப்” என்றார். எதிரே இருந்தவர் “லேடர்!” என்று எடுத்துக்கொடுத்தார், பிறகு தான் ஏணியிலிருந்து விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சொல் தெரிந்திருந்தால் அந்தக் கதை வந்திருக்காது.

பாதி புரிவதில்லை. சிரித்துத் தலையாட்டிவிடுகிறேன்.

தயவுசெய்து செய்யாதீர்கள், மூன்றாவது தலையாட்டலில் தெரிந்துவிடும். வெறுமனே “வாட்?” என்று கேட்டால் அவர் முழுவதையும் அதே வேகத்தில் திரும்பச் சொல்வார். புரிந்த பாதியைச் சொல்லி மீதியைக் கேளுங்கள்: “யுவர் சிஸ்டர் மூவ்ட்… வேர்?” அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வரும்.

“யூ டோன்ட் லைக் இட்?” என்றார்கள். “யெஸ்” என்றேன். குழம்பிப்போனார்கள்.

தமிழில் “பிடிக்கலையா?” என்றால் “ஆமா, பிடிக்கல” என்போம், அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் பிடிக்கவில்லை என்றால் “நோ, ஐ டோன்ட்” தான், கேள்வி எப்படி வந்தாலும். வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாமல் “ஐ டோன்ட்”, “ஐ டூ” என்று வாலையும் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது.

கிராமர் தப்பு வந்தால்?

வரும். “ஹீ”, “ஷீ” மாறினாலோ, நடந்ததா நடக்கப்போகிறதா என்பது மாறினாலோ மட்டும் நின்று திருத்துங்கள். மற்றதை விட்டுவிட்டுப் போங்கள்.

ஒருவழியாகப் பேசிவிட்டேன். முடிக்கத் தெரியவில்லை!

1973-இல் ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேச்சு எப்படி முடிகிறது என்று எழுதினார்கள். யாரும் திடீரென்று “பை” சொல்வதில்லை, முதலில் “வெல்”, “ஓகே” என்று ஒரு சொல்லைக் கொஞ்சம் இறக்கிச் சொல்கிறார்கள், எதிராளிக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லையென்றால் அவரும் ஒரு “ஓகே” சொல்கிறார், அப்புறம்தான் விடைபெறுகிறார்கள். நாம் “சரி, அப்புறம்…” என்று எழுந்திருப்பதும் இதேதான். அதனால் “எனிவே” என்று ஆரம்பித்து, அவர் சொன்ன ஒன்றைத் தொட்டு முடியுங்கள்: “எனிவே, குட் லக் வித் த பாக்ஸஸ்.” அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது முதல் கேள்வி உங்களுக்குத் தயாராக இருக்கும்.