வி-கிராஸுக்கு ரீமேப் செய்தால் லிட்டருக்கு 17 கிடைக்குமா?

கிடைக்காது.

நேரடியாகச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 2022 வி-கிராஸ் (இசுசுவின் டீசல் பிக்கப்) வைத்திருக்கிறீர்கள், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது, இசியுவை, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரை, ரீமேப் செய்தால், அதாவது அதில் உள்ள மென்பொருளை மாற்றி எழுதினால், இழுவையும் கூடும் மைலேஜும் 17 வரை போகும் என்று டியூனிங் கடைக்காரர் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வசனத்தை 2019ல் திருவனந்தபுரத்தில் ஒரு கடையின் ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே நானும் கேட்டிருக்கிறேன். அந்த டீக்கு நான் கொடுத்த விலை 46,000 ரூபாய்.

நான் மெக்கானிக் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டில் பதினோரு வருஷம் கம்பெனி ஹைலக்ஸ் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவன். பிக்கப் ஆசை விடவில்லை, ஒரு பழைய 2.5 லிட்டர் வி-கிராஸைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அருமனை பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றலாம், மரமலையில் ஒரு நண்பருக்குக் கிராம்புத் தோட்டம் இருப்பதால் அங்கே உரம் கொண்டுபோகலாம் என்றெல்லாம் வீட்டில் நியாயம் சொன்னேன். உண்மைக் காரணம் ஆசைதான். "என் வண்டி 16 கொடுக்குதே, உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று கீழே வந்து எழுதப் போகிறவர்கள் இருப்பார்கள். கொடுக்கலாம். டிஸ்பிளேயில் பார்த்தீர்களா பம்பில் பார்த்தீர்களா என்பதை மட்டும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

முதலில் போட்டது ரீமேப் இல்லை, டியூனிங் பாக்ஸ். 18,000 ரூபாய். இரண்டு கனெக்டரைக் கழற்றி நடுவில் சொருகி அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். களியக்காவிளை தாண்டும்போதே தெரிந்தது, வண்டி வேறு மாதிரி இழுக்கிறது. அதில் பொய்யே இல்லை. மூன்றாவது கியரில் இருந்து இறங்காமல் மேடு ஏறியது, எனக்கு ஒரே சிரிப்பு. அதுவரை 11, 11.5 என்று காட்டிக்கொண்டிருந்த டிஸ்பிளே 13.8 காட்ட ஆரம்பித்தது. அடுத்த வாரம் திருநெல்வேலிக்கு ஒரு வேலை. தோவாளையில் டிரிப் மீட்டரை ஜீரோவாக்கிவிட்டுக் கிளம்பினால் காவல்கிணறு வரும்போது 16.8! ஓரமாக நிறுத்தி போட்டோ எடுத்து, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கூடவே இரண்டு சூரியகாந்திப் பூவும் போட்டேன். அந்தப் பூவை நினைத்தால்தான் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அது ஆடி மாதம். தோவாளைக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவில் இருக்கிற ஆரல்வாய்மொழி கணவாயைத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தென்மேற்குக் காற்று அந்த மலையிடுக்கு வழியாகப் பிதுங்கிக்கொண்டு கிழக்கே போகிற மாதம். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது வேடிக்கைக்கு இல்லை. என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது பாக்ஸ் இல்லை, அந்தக் காற்று. மறுநாள் திரும்பி வரும்போது அதே தூரத்துக்கு 9.7 காட்டியது. காற்று மணிக்கு 40 என்றும் நான் 80ல் போனேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது வண்டி முகத்தில் அடித்தது 40தான், வரும்போது 120. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், மூன்று மடங்கு வேகம் என்றால் எதிர்ப்பு 9 மடங்கு. திரும்பி வந்த போட்டோவை நான் குரூப்பில் போடவில்லை.

ஆனாலும் டிஸ்பிளேயை நம்பிக்கொண்டுதான் இருந்தேன், சராசரி 13.8 காட்டுகிறதே! எங்கள் வீட்டில் ரப்பர் கணக்கு ஒரு நீள நோட்டில் இருக்கும். எத்தனை ஷீட், வெட்டுக்காரருக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு எல்லாம் அதில்தான். மனைவிதான் எழுதுவாள். ஒரு ராத்திரி நோட்டை என் முன்னால் தள்ளினாள். "இஞ்ச பாருங்க, அந்தப் பெட்டி வாங்கினதுக்குப் பிறகும் டீசல் பைசா கொறையல்லியே, எரநூறு கூடத்தானே செய்திருக்கு?" ஓட்டம் கூடியிருக்கும் என்றேன். ஓடோமீட்டர் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறாள், என்ன செய்ய? மாதம் சுமார் 1,500 கிலோமீட்டர்தான், முன்பும் பின்பும். வகுத்துப் பார்த்தால் பாக்ஸுக்கு முன் 11.2, பின் 10.9.

டிஸ்பிளே ஏன் பொய் சொன்னது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்குப் பல நாள் பிடித்தது. இந்த மாதிரி பாக்ஸ்கள் பலவும் காமன் ரயிலின் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு கொடுக்கிற குழாய்) பிரஷர் சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருக்கிற உண்மையான அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். அழுத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இசியு அதை ஏற்றிவிடும். இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரம் அதேதான், ஆனால் அழுத்தம் கூடியதால் அதற்குள் பாய்கிற டீசல் அதிகம். கூடுதல் டீசலில் கூடுதல் இழுவை, மந்திரம் ஒன்றும் இல்லை. இப்போது பாருங்கள், அந்தக் கூடுதல் டீசல் இசியுவின் கணக்கிலேயே வராது, அதற்குத் தெரிந்தது பழைய அளவுதான். டிஸ்பிளேக்குக் கணக்கு கொடுப்பதும் அதே இசியு. கள்ளக் கணக்கு எழுதுகிற கணக்குப்பிள்ளையிடமே தணிக்கையையும் ஒப்படைத்த கதை.

கடைக்குத் திரும்பப் போனேன். சண்டை போடத்தான் போனேன், ஆனால் அவர்கள் பேச்சு அப்படி. "சேட்டா, பாக்ஸ் பழைய டெக்னாலஜி, சரியா ரீமேப் பண்ணிடலாம்" என்று இன்னொரு 28,000 வாங்கிவிட்டார்கள். பாக்ஸ் காசைக் கழிக்கவும் இல்லை. இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

ரீமேப் பாக்ஸைவிட நல்ல வேலை, மறுக்கவில்லை. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே (கீழ் ஆர்பிஎம்மிலேயே) டார்க், அதாவது இழுவிசை, வருவதால் சீக்கிரம் கியர் மாற்றிவிடலாம், கியரைக் கீழே இறக்குகிற அவசியமும் குறைகிறது. என் காலையும் கொஞ்சம் அடக்கி ஓட்டினேன். பம்பில் அளந்தால் நான்கு மாதச் சராசரி 11.6. அதாவது ஒரிஜினலைவிட 0.4 அதிகம். ரீமேப் சும்மா என்று சொல்கிறவர்களுக்கும் பதில் இது, 17 என்று சொல்கிறவர்களுக்கும் பதில் இது. இதைக் காசாகப் பாருங்கள். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மிச்சம் நாலரை லிட்டர் சொச்சம், டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் 430 ரூபாய். ரீமேப் காசு 28,000 திரும்பி வர 65 மாதம். பாக்ஸ் காசு போனது போனதுதான்.

அதற்கப்புறம் சும்மா ஒரு பரீட்சை, இரண்டு மாதம் எங்கேயும் 80ஐத் தாண்டவில்லை, டயர் காற்றைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கிற அளவுக்கே வைத்தேன், மேலே பூட்டியிருந்த கேரியரையும் கழற்றினேன். 12.4 வந்தது. செலவு பூஜ்யம். மச்சான்மார் கிண்டல்தான் செலவு.

ஏன் இதற்கு மேல் போகாது என்றால், ஒரு லிட்டர் டீசலில் இருக்கிற சக்தி ஏறக்குறைய 36 மெகாஜூல், அவ்வளவுதான். நல்ல டீசல் இன்ஜின் அதிகபட்சம் அதில் 40 சதவீதம் பக்கம்தான் சக்கரத்துக்கு உதவுகிற வேலையாக மாற்றும், சாதாரண ஓட்டத்தில் இன்னும் குறைவு. உரத்தோடு இரண்டரை டன் வருகிற வண்டியை மரமலை ரோட்டில் 300 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்றால், 35 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் அந்த உயரத்துக்கு மட்டும் அரை லிட்டருக்கு மேல் போய்விடும். எந்த மேப் போட்டாலும் வண்டியின் கனம் குறையாது, மலையும் தாழாது. பெட்ரோல் வண்டி மாதிரி எதையோ அடைத்து வைத்திருக்கிறார்கள், திறந்துவிட்டால் கொட்டும் என்று நினைக்கிறோம். டீசல் இன்ஜின் முன்பே தேவைக்கு அதிகமான காற்றோடு சிக்கனமாக எரிக்கிற சாதனம்.

மார்த்தாண்டத்தில் நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றால் ஒரு லிட்டர் பக்கம் போகும், மைலேஜ் பூஜ்யம். பாலம் 2018லேயே வந்துவிட்டது, அதற்குக் கீழே நிற்கிறவர்களுக்குத்தான் ஒரு மாற்றமும் இல்லை. அதை விடுங்கள். உண்மையில் என் மைலேஜைக் கெடுப்பது நெரிசலும் இல்லை, சொந்தக்காரர்கள். பிக்கப் வைத்திருக்கிறவன் வீட்டுக்கு வருகிற போன் எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும்: "அத்தான், வண்டி உண்டா?" பள்ளித் திருநாளுக்கு நாற்காலி ஏற்ற, கோயில் கொடைக்குக் குழாய் செட் ஏற்ற, வீடு மாற்ற, ஐம்பது ஏத்தங்குலை சந்தைக்குக் கொண்டுபோக. கொடுக்கவில்லை என்றால் "கல்ஃப் பைசா திமிர்". கொடுத்தால் டேங்க் காலியாகி, பின்பக்கம் முழுக்க வாழைக்கறையோடு வரும். காரை இப்படி யாராவது கேட்பார்களா? ஆட்டோக்காரரிடம் காசு கொடுக்காமல் இறங்குவார்களா? இதில் ஒருத்தர், பெயர் வேண்டாம், வீட்டில் எல்லோரும் படிக்கிறார்கள், ரிவர்ஸில் தென்னைமரத்தில் இடித்துவிட்டு "மரம் இஞ்ச நின்னது தெரியல்ல" என்றார். முப்பது வருஷமாக அங்கே நிற்கிற மரம்.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். உங்களுடையது பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த 1.9 லிட்டர் இன்ஜின், என்னுடையதில் இல்லாத டிபிஎஃப் உங்களுக்கு உண்டு. புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி. அது நிறைந்ததும் இசியு கூடுதல் டீசலைத் தெளித்து அந்தக் கரியை எரிக்கும். மேப் போட்டு டீசலைக் கூட்டினால் கரி கூடும், கரி கூடினால் எரிப்பும் அடிக்கடி நடக்கும், மைலேஜ் அங்கேயே போய்விடும். அந்த எரிப்பு பாதியில் பாதியில் நின்றால் டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறவும் செய்யும், டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டிபிஎஃப்பையே எடுத்துவிடலாம் என்று உங்கள் கடைக்காரர் அடுத்து சொல்வார். அது சட்டப்படி தப்பு, பின்னால் வருகிறவன் மூச்சில் போகிற புகை வேறு. வாரண்டியும் இன்சூரன்ஸும் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள், நான் பயமுறுத்தவில்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் என்னுடையது வாரண்டி முடிந்த வண்டி.

என் கணிப்பு: இதே காலோடு ஓட்டினால் 12 என்பது 12.5 ஆகலாம். புது இழுவையை அனுபவித்தால், எல்லோரும் அனுபவிப்போம், அதற்குத்தானே காசு கொடுத்தது, 11க்குக் கீழே வரும். பாரமும் மலையும் என்றால் 8, 9. இழுவைக்காகச் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஓட்டச் சுகமாக இருக்கும். மைலேஜுக்காக வேண்டாம்.

எதைச் செய்தாலும் முன்பும் பின்பும் பம்பில் அளந்து வையுங்கள். ஒரு டேங்க் போதாது. டீசல் நுரைக்கும், நாசில் சீக்கிரம் கட் ஆகிவிடும், அடுத்த தடவை இரண்டு மூன்று லிட்டர் கூடப் பிடிக்கும். 50 லிட்டரில் 3 லிட்டர் என்றால் 6 சதவீதம். ரீமேப் கொடுக்கிற லாபமே 4 சதவீதம், இந்த நுரைக்குள்ளேயே மறைந்துவிடும். ஒரே பம்ப், ஒரே நாசில், முதல் கட்டோடு நிறுத்துவது, நாலைந்து டேங்க் சேர்த்து வகுப்பது. டயர் சைஸ் மாற்றியிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். நான் 245/70 ஆர்16ல் இருந்து 265/70 ஆர்16க்குப் போனபோது மைலேஜ் 11க்கு விழுந்துவிட்டது என்று பதறினேன். பெரிய டயர் ஒரு சுற்றில் 3.7 சதவீதம் கூட ஓடுகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. திருத்திப் பார்த்தால் 11.4.

அளந்துவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள், 17 வந்தால் நான் பொதுவில் மன்னிப்புக் கேட்கிறேன். ஆடி மாதம் தோவாளையில் ஜீரோ பண்ணி காவல்கிணற்றில் எடுத்த போட்டோ மட்டும் வேண்டாம், அது என்னிடமே இருக்கிறது.