கேளுங்கள், சொல்கிறோம்: சேருக்கு ஒரு பாராட்டு மலர்

கேள்வி: எங்கள் சேர் தொலைத்தொடர்பில் 35 வருடத்துக்கு மேல் வேலை செய்து, தொழில்நுட்பப் பிரிவின் தலைவராக இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். திருகோணமலையில் வேலையைத் தொடங்கியவர் என்பதால் சேவைநலன் பாராட்டு விழாவை இங்கேயே வைக்கிறோம். மலருக்கு என்னைப் பொறுப்பாக்கிவிட்டார்கள். என்ன போடுவது?
- வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, வாழ்த்துச் செய்தி கேட்டுப் பெரிய ஆட்களுக்குக் கடிதம் அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். பெயரை மாற்றினால் அந்தச் செய்தி ஓய்வு பெறும் எந்தப் பள்ளிக்கூட அதிபருக்கும் பொருந்தும்.

சேர், தொலைத்தொடர்பு அரசாங்கத் திணைக்களமாக இருந்த காலத்து ஆள். 1991இல் அது கூட்டுத்தாபனமானது, 1996இல் கம்பனி, 1997இல் ஜப்பானின் தொலைபேசிக் கம்பனியான என்.ரி.ரி. அதில் பங்கு வாங்கியது, மனுசன் வேலையை மாற்றாமலே இத்தனை மாற்றத்தையும் பார்த்திருக்கிறார். இதற்கு ஒரு பக்கம் போதும்.

மிச்சத்தை அவரோடு வேலை செய்தவர்களிடம் கேளுங்கள், குறிப்பாகக் கேபிள் ஒட்டியவர்களிடம். குழியில் இறங்கி, மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, அறுந்த கேபிளின் மெல்லிய செப்புக் கம்பிகளை வெள்ளை-நீலம், வெள்ளை-செம்மஞ்சள், வெள்ளை-பச்சை என்று நிறம் பார்த்துச் சோடி சேர்ப்பார்கள். ஒரு சோடி மாறினால் டொக்டருக்கு வந்த கோல் பலசரக்குக் கடையில் அடிக்கும். இந்தக் கதைகள் அவர்களிடம் நிறைய இருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் பற்றரி அறை. சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாத இரவிலும் வீட்டுப் போன், கம்பி அறாமல் இருந்தால், வேலை செய்யும். அதற்கு மின்சாரம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பற்றரி வரிசையிலிருந்து அதே செப்புக் கம்பி வழியாக வந்தது. அந்தப் பற்றரிகளுக்குத் தண்ணீர் மட்டம் பார்த்தது யார், ஜெனரேற்றருக்கு டீசல் தேடி அலைந்தது யார் என்று சேரிடமே கேளுங்கள். (ஃபைபர் வந்தபிறகு அந்த வசதி போய்விட்டது. கண்ணாடி இழையில் கரண்ட் போகாது, வீட்டு ரவுட்டருக்கு வீட்டுப் பிளக்தான் கதி.) 2004 டிசம்பர் 27ஆம் திகதி, சுனாமிக்கு அடுத்த நாள் காலையில், எங்கே நின்றார் என்பதையும் கேளுங்கள். பதில் நீளும், போனில் ரெக்கோர்டிங்கைப் போட்டுவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: மேடையில் எத்தனை பேர் பேசலாம்? என்ன பரிசு கொடுக்கலாம்?
- அதே வாசகி

பதில்: மூன்று பேர் போதும், அதில் ஒருவர் கட்டாயம் லைன்மன். பொன்னாடையும் ஒன்று போதும், பத்துப் பேர் போர்த்தினால் மேசைக்கடியில்தான் குவியும். பரிசாகப் போன் மட்டும் வேண்டாம், இவ்வளவு காலமும் அது அடித்துத்தானே அவர் நித்திரை கெட்டது! பழைய எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் எல்லாரும் நின்று எடுத்த படம் ஏதாவது யார் வீட்டிலாவது கிடந்தால், பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுங்கள், நிற்பவர்களின் பெயர்களைக் கீழே எழுதி. சரி, சாப்பாட்டை ஒரு மணிக்கே போட்டுவிடுங்கள். மூதூர், கிண்ணியா பக்கமிருந்து வரும் வயதான ஆட்கள் பஸ் பிடிக்க வேண்டும்.