ரோல்பிளே விளையாட்டில் டிராகனைச் சூழ்ச்சிக்கார வில்லனாக நடத்துவது எப்படி?

உங்கள் டிராகன் வாயைத் திறந்ததுமே ஆட்டக்காரர்கள் வாளை உருவிவிடுகிறார்கள், மூன்று ரவுண்டில் சண்டை முடிந்துவிடுகிறது, நீங்கள் வாரக்கணக்கில் யோசித்து வைத்த திட்டமெல்லாம் வீணாகிறது. அதனால்தானே கேட்கிறீர்கள்? எனக்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு பச்சை டிராகனை வைத்து 14 செஷன் (ஒருமுறை கூடி உட்கார்ந்து ஆடுவது ஒரு செஷன்) ஓட்டினேன். நான் நடத்தியதிலேயே சிறந்த வில்லன் அதுதான். ஒரு நல்ல நண்பர் எங்கள் மேசையை விட்டுப் போனதும் அதே டிராகனால்தான். இரண்டையும் சொன்னால்தான் இந்தப் பதில் முழுமையாகும்.

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகளை வைத்துப் பேசுகிறேன். வேறு விளையாட்டு ஆடுபவர்கள் எண்களை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா டிராகனும் இதற்கு ஒத்துவராது. வளர்ந்த வெள்ளை டிராகனின் இன்டெலிஜென்ஸ் (அறிவுத்திறன் மதிப்பெண்) 8. சாதாரண மனிதனுக்கே 10. அதைப் போய்ச் சகுனி வேலை பார்க்கச் சொன்னால் எடுபடாது. வளர்ந்த பச்சைக்கு 18. டிசெப்ஷன் (ஏமாற்றும் திறன்), பெர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும் திறன்) இரண்டும் +8, அதாவது உருட்டிய பகடை எண்ணோடு 8 கூடும். இந்த எண்களைவிட எனக்குக் கை கொடுத்தது அதன் குகையைப் பற்றிய குறிப்பில் வரும் ஒரே ஒரு வரி. குகையைச் சுற்றி ஒரு மைலுக்குள் இருக்கும் எலிகளும் பறவைகளும் அதற்குக் கண்ணும் காதும். பலர் இதைப் படித்துவிட்டு அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். என் முழுக் கேம்பெயினும், அதாவது அந்த 14 செஷன் தொடர்கதையும், இந்த வரியில்தான் நின்றது.

அடுத்து, உங்கள் டிராகனுக்கு மனிதர்கள் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்த பச்சை டிராகனின் மூச்சு 60 அடிக்கு விஷப்புகையாகப் பரவும், சராசரியாக 56 சேதம். நான்காம் லெவல் விசார்ட் (மந்திரவாதி) அதில் தாக்குப்பிடிப்பது அபூர்வம். அப்படிப்பட்ட ஒன்று நான்கு பேரை உட்கார வைத்துப் பேசுகிறது என்றால், தன்னால் முடியாத ஏதோ ஒரு காரியம் அதற்கு ஆக வேண்டும். தங்கம், வெள்ளி மாதிரி உலோக டிராகன்கள் வளர்ந்தபின் மனித உருவம் எடுக்கும். பச்சைக்கு அது கிடையாது. அந்த உடம்போடு நகரத்துக்குள் நுழைய முடியாது. நுழைய ஆள் வேண்டும்.

என் கதையில் நகரத்துக் கோயிலில் ஒரு மணி. அது தினமும் ஒலிக்கும்வரை டிராகனால் ஆற்றைத் தாண்ட முடியாது. மணியை நிறுத்து என்று அது யாரிடமும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு நன்மை செய்தது, ஆளுக்கு ஒரு சின்ன உதவி கேட்டது. திருடன் வகைப் பாத்திரமான ரோக்கின் அண்ணன் கடனுக்காக அடைபட்டிருந்தான். அவனை மீட்கும் வழியைச் சொன்னது. அந்த வழியில் போனால் கோயில் காவல் மாறும். மணியடிக்கும் பூசாரி வேலைக்காரர்களை அடித்துத் துன்புறுத்துகிறவர் என்பதற்கு, புனித வீரனான பாலடினிடம் ஆதாரம் கொடுத்தது. ஆதாரம் அத்தனையும் உண்மை. பாலடின் அந்தப் பூசாரியைப் பதவியிலிருந்து இறக்கினான். விசார்டுக்கு ஒரு மந்திரப் புத்தகம் கொடுத்து, ஒரு பழைய கல்வெட்டை மொழிபெயர்த்துத் தரச் சொன்னது. காட்டு வீராங்கனையான ரேஞ்சர் மட்டும் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டிராகன் சரி என்று விட்டுவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒவ்வொரு காரியமும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல காரியம். அதுதான் முக்கியம். கெட்ட காரியம் செய்யச் சொன்னால் எந்த ஆட்டக்காரரும் உஷாராகிவிடுவார். இன்னொன்று, உதவி செய்த கையோடு டிராகன் ஒவ்வொருவரிடமும், "இது உன் சொந்த விஷயம், மற்றவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்" என்று மரியாதையாகச் சொல்லும். யாரும் சொல்லவில்லை.

பதினோராவது செஷன் முடியும் நேரம். விசார்ட் ஆடியவர் தன் மொழிபெயர்ப்பைச் சும்மா வாசித்துக் காட்டினார். ரோக் ஆடியவர் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அப்படியே நிறுத்திவிட்டுத் தன் நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். மூன்றாவது செஷன் பக்கத்தில் விரல் நின்றது. "குருவி ஜன்னலில். நாம் பேசி முடிக்கும்வரை பறக்கவில்லை." அவரே எழுதி வைத்திருந்த வரி. அதை வாசித்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பாலடின் ஆடியவர் மெதுவாக, "அப்போ அந்தப் பூசாரியை அனுப்பினது நான்தானா?" என்றார். இவ்வளவு வருடமாக விளையாட்டு நடத்துகிறேன், அந்த நிமிடத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது.

"இது ரயில் தண்டவாளம், ஆட்டக்காரர்களுக்கு வேறு வழியே கொடுக்கவில்லை" என்று யாராவது கருத்தில் எழுதுவீர்கள், தெரியும். ரேஞ்சரை நினைவில் வையுங்கள். மறுத்தாள், கதை அவளைத் தண்டிக்கவில்லை. மற்ற மூவரும் மறுத்திருந்தால் டிராகன் வேறு ஆளைத் தேடியிருக்கும், அவ்வளவுதான். "டிராகன் என்றால் நெருப்பும் சண்டையும்தான், பேசிக்கொண்டே இருந்தால் அது டிராகனா?" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1989-ல் வந்த ஷேடோரன் விளையாட்டின் உலகில் லோஃப்விர் என்ற டிராகன் மாபெரும் நிறுவனம் ஒன்றுக்கே முதலாளி. டிராகனோடு மட்டும் பேரம் பேசாதே என்பது அந்த உலகத்தில் எல்லாரும் அறிந்த எச்சரிக்கை. நான் புதிதாக எதையும் திரிக்கவில்லை.

இப்போது என் தவறு. என் டிராகன் பொய்யே சொல்லாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். உண்மையைத் தேர்ந்தெடுத்துச் சொன்னாலே போதும், பொய் தேவைப்படாது. ஆறாவது செஷனில் பாலடின் சோன் ஆஃப் ட்ரூத் என்ற, பொய் சொல்லவிடாத மந்திரத்தைப் போட்டபோது டிராகன் தானாகவே அந்த 15 அடி ஆர வட்டத்துக்குள் தலையை நீட்டி வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னது. அந்த மந்திரத்துக்குள் பொய் சொல்லத்தான் முடியாது, நழுவலாம். நழுவியது. அன்றிலிருந்து பாலடினுக்கு அதன்மேல் முழு நம்பிக்கை.

ஒன்பதாவது செஷனில் பாலடின் ஆடியவர் மந்திரம் எதுவும் போடாமல் நேராகக் கேட்டார்: "இந்த நகரத்துக்குக் கெடுதல் செய்யும் எண்ணம் உனக்கு உண்டா?" நான் அவசரப்பட்டு டிராகன் வாயால் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் இன்சைட் (எதிராளியின் பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன்) உருட்டினார். என் டிசெப்ஷன் ரோல் அதைவிட அதிகம். அதுவரைகூடப் பரவாயில்லை. ஆனால் நான் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, என் சொந்தக் குரலில், "அது உண்மையைத்தான் சொல்கிறது" என்றேன்.

பதினோராவது செஷனில் எல்லாம் தெரிந்த பிறகு அவர் டிராகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்து, "நீ சொன்னியே" என்றார். அடுத்த செஷனுக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

அவர் பக்கம்தான் நியாயம். டிராகன் ஏமாற்றலாம், அதற்குத்தான் அது இருக்கிறது. அந்த உலகத்தைப் பார்க்க ஆட்டக்காரர்களுக்கு என் குரலைத் தவிர வேறு கண் கிடையாது. அந்தக் குரல் பொய் சொல்லிவிட்டால் அதன்பிறகு கதவு என்று நான் சொல்வதைக்கூட அவர்கள் எப்படி நம்புவார்கள்? இப்போது ரோல் தோற்றால், "பொய் சொல்வதற்கான அறிகுறி எதுவும் உனக்குத் தெரியவில்லை" என்று மட்டும் சொல்கிறேன். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான். நீங்கள் என்ன செய்தாலும் இந்த வாக்கியத்தை முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குழுவில் இருந்த ஒருவர் இதே மணி, இதே குருவி, இதே பூசாரியை வைத்து வேறொரு குழுவுக்குக் கதை நடத்தியிருக்கிறார். எல்லாம் தானே யோசித்தது என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குழுவிலிருந்த ஒருவர் என்னிடமே வந்து அந்தக் கதையைப் புகழ்ந்தார். எடுத்துக்கொள்ளட்டும், கேட்டிருந்தால் குறிப்பு நோட்டையே கொடுத்திருப்பேன். வார இறுதி முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவருடைய வேலையை மட்டும் ஏன் யாருக்கும் சொந்தமில்லாத பொருளாக நினைக்கிறார்கள்?

கடைசி மூன்று செஷனும் மூன்று பேரோடுதான் ஆடினோம். மணி ஒலிக்காத முதல் நாள் இரவு டிராகன் ஆற்றைத் தாண்டியது. ரேஞ்சர் தனியாகக் கோபுரம் ஏறி, மணிநாக்கு இல்லாத மணியைச் சுத்தியால் அடித்து டிராகனை நிறுத்தினாள். பாலடினை நான் சாகடிக்கவில்லை. கதைப்படி அவன் அந்தப் பூசாரியைத் தேடிப் போயிருக்கிறான். நண்பருக்கு நடந்ததை ஒப்புக்கொண்டு செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. அவருடைய கேரக்டர் ஷீட் (பாத்திரக் குறிப்புத் தாள்) என் கோப்பில் மேலாக இருக்கிறது.