கப்பல் மலாக்காவில் நிற்கவில்லை. வழக்கு மதுரையில் நிற்கும்

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்: "நானும் என் கணவரும், தங்கையும் அவள் கணவருமாக நால்வர், உள்ளூர்ப் பயண நிறுவனம் ஒன்றின் மூலம் 2025 ஜூலை 13 முதல் 19 வரை ஒரு சொகுசுக் கப்பல் பயணம் சென்றோம். சிங்கப்பூரில் ஏறி மலாக்கா, பினாங்கு, லங்காவி, புக்கெட் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணம் அது. விமானக் கட்டணம், சிங்கப்பூரில் ஓர் இரவுத் தங்கல், கப்பல் அறை எல்லாம் சேர்த்து ரூ.6,40,000 நான் செலுத்தினேன். என் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதியவர். அந்த ஊரைப் பார்க்கத்தான் இந்தப் பயணத்தையே தேர்ந்தெடுத்தோம். மலாக்காவில் கப்பல் நிற்கவே இல்லை. பினாங்குக்குக் காலை எட்டு மணிக்கு வரவேண்டியது மாலை ஆறு மணிக்கு வந்து இரவு பத்து மணிக்குப் புறப்பட்டுவிட்டது. புக்கெட்டில் கடல் கொந்தளிப்பு என்று யாரையும் கரையில் இறக்கவில்லை. ஐந்தாம் நாள் நீச்சல் குளத்தை ஒட்டிய நடைவழியில் ஈரத்தில் வழுக்கி விழுந்து என் கணவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கப்பல் மருத்துவமனையில் 1,450 சிங்கப்பூர் வெள்ளி வாங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் பழக்கமான கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று, மலாக்கா நீக்கமும் பினாங்கு நேர மாற்றமும் தங்களுக்கு மூன்று வாரம் முன்பே மின்னஞ்சலில் வந்துவிட்டதாகச் சொன்னது. பயண நிறுவனத்தைக் கேட்டால், தாங்கள் வெறும் முகவர் என்றும், பயணச்சீட்டு நிபந்தனைப்படி வழக்கைச் சிங்கப்பூரில்தான் போட வேண்டும் என்றும் கையை விரிக்கிறார்கள். எங்களுக்கு வழி உண்டா?"

ஆசிரியை அவர்களுக்கு,

வழி உண்டு, மதுரையிலேயே உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் புக்கெட் ஏமாற்றத்தில் அந்த வழி தொடங்கவில்லை. போகிற போக்கில் ஒரே வரியில் குறிப்பிட்ட கோயம்புத்தூர்க் குடும்பத்தின் மின்னஞ்சலில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. அதை விளக்குவதற்கு முன், எந்தக் குறையைச் சட்டம் குறையாக ஏற்காது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

புயலோ கடற்கொந்தளிப்போ வரும்போது எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது என்பதைக் கப்பலின் கேப்டனே தீர்மானிக்கிறார். கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின்படி, பாதுகாப்பு குறித்துக் கேப்டன் எடுக்கும் முடிவில் கப்பல் உரிமையாளர்கூடத் தலையிட முடியாது. புக்கெட் தீவின் பாத்தோங் கடற்கரை மேற்கு நோக்கியது. பெரிய கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில்தான் பயணிகளைக் கரைக்கு அனுப்புகின்றன. மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் அலையடிக்கும்போது, முதியவர்களைப் படகில் இறக்க மறுப்பது சேவைக் குறைபாடு ஆகாது. மூடுபனியால் தாமதமான ஒரு விமானப் பயணம் குறித்த வழக்கில் 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதே அடிப்படையில் விமான நிறுவனத்தை விடுவித்தது. ஆகவே புக்கெட்டுக்காக இழப்பீடு கேட்காதீர்கள். பலவீனமான கோரிக்கையைச் சேர்த்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை மட்டுமே பிடித்துக்கொண்டு பேசுவார். ஆனால் உங்கள் விலைப்பட்டியலில் துறைமுகக் கட்டணம் தனியாகக் காட்டப்பட்டிருந்தால், நிற்காத துறைமுகங்களுக்குரிய தொகையை மட்டும் திருப்பிக் கேளுங்கள். செலுத்தப்படாத கட்டணத்தை வைத்துக்கொள்ள எந்த நிபந்தனையும் நியாயம் கற்பிக்க முடியாது.

மலாக்காவும் பினாங்கும் அப்படியல்ல. மலாக்கா நீரிணையைச் சுமத்ரா தீவு மறைத்து நிற்பதால், அந்தப் பருவத்தில் அங்கே எழும் சுமத்ராக் காற்றும் மழையும் பெரும்பாலும் விடியற்காலையில் வந்து ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையிலேயே அணைகிறது. படகில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், மூன்று வாரத்துக்கு முன்பே அறிவிக்கப்பட்ட மாற்றத்துக்குக் காரணம் வானிலையாக இருக்க முடியாது என்பது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11)ஆம் பிரிவு, நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும், இழப்பு உண்டாக்கும் கவனக்குறைவையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. கப்பல் நிறுவனம் அனுப்பிய திருத்தப்பட்ட பயணத்திட்டம் உங்கள் பயண நிறுவனத்துக்கு வந்து, அவர்கள் அதை உங்களுக்கு அனுப்பாமல் இருந்திருந்தால், பயணத்தை மாற்றவோ விடவோ உங்களுக்கிருந்த வாய்ப்பு அன்றே பறிபோனது. அவர்களுக்கே அது வரவில்லை என்றால், அதைக் கப்பல் நிறுவனம் விளக்கட்டும். தாத்தா பணிசெய்த ஊரில் பகல் முழுவதும் நடக்கலாம் என்று நம்பிப் பணம் கட்டிய ஒருவருக்கு, அருங்காட்சியகங்களும் பல கடைகளும் மூடிய பிறகு நான்கு மணி நேரம் கொடுப்பது அதே பயணம் அல்ல என்பதை எந்த நுகர்வோர் ஆணையமும் புரிந்துகொள்ளும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது, "நாங்கள் வெறும் முகவர்" என்னும் வாதம். தாம் யார் சார்பில் செயல்படுகிறாரோ அவர் பெயரை வெளிப்படையாகச் சொல்லி ஒப்பந்தம் செய்துவைத்த முகவர், பொதுவாக அந்த ஒப்பந்தத்துக்குத் தாம் பொறுப்பாக மாட்டார் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230ஆம் பிரிவு சொல்லும் பொது விதி. ஆனால் உங்கள் நிறுவனம் உண்மையில் முகவராக மட்டும் நடந்துகொண்டதா என்பதே கேள்வி. நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலில் விமானம், விடுதி, கப்பல் மூன்றையும் ஒரே தொகுப்பாகத் தம் பெயரில் விற்றிருக்கிறார்கள். அதன் கீழ் டி.சி.எஸ். (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று ரூ.32,000 தனியாக வாங்கியிருக்கிறார்கள். உங்கள் பயணத்தின்போது நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 206சி(1ஜி) பிரிவு, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர்தான் இந்த வரியை வசூலிக்க வேண்டும் என்கிறது. வரித்துறையிடம் தன்னை விற்பனையாளர் என்று காட்டிக்கொண்ட நிறுவனம், ஆணையத்தின் முன் வந்து தான் வெறும் தரகர் என்று சொல்வது எளிதாக எடுபடாது. வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐ இறக்கி, அந்த நிறுவனத்தின் பெயரில் இந்தத் தொகை பதிவாகியிருக்கும் பக்கத்தை ஆவணமாகச் சேருங்கள். (அந்தத் தொகையை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் திரும்பப் பெறவும் முடியும். பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்; நீங்கள் விட்டுவிடாதீர்கள்.) இது ஒருபுறமிருக்க, தகவலைச் சொல்லாமல் விட்டது பயண நிறுவனத்தின் சொந்தத் தவறு. முகவராகவே இருந்தாலும் அதற்கு அவர்களே பொறுப்பு.

சிங்கப்பூர் நீதிமன்றம் பற்றிய நிபந்தனையைக் கண்டு அஞ்ச வேண்டாம். நுகர்வோர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வசதி பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. பிற சட்டங்கள் தரும் தீர்வுகளுக்குக் கூடுதலாகவே இந்தச் சட்டம் செயல்படும் என்கிறது 100ஆம் பிரிவு. நான் மேலே சொன்ன 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், குறிப்பிட்ட ஊரின் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று பயணச்சீட்டில் அச்சிட்ட நிபந்தனை, சிறப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நுகர்வோர் ஆணையமும் அப்படி ஒரு சிறப்புச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1991ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கப்பலில் விழுந்து அடிபட்ட வாஷிங்டன் மாநிலப் பயணி ஒருவர், சீட்டில் அச்சிட்டிருந்தபடி ஃபுளோரிடாவுக்குச் சென்றுதான் வழக்காட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கப்பல் நிறுவனங்கள் இந்த நிபந்தனையை இத்தனை நம்பிக்கையோடு எழுதுவதற்கு அந்த மரபும் ஒரு காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அச்சிட்ட நிபந்தனைகள் எல்லாமே செல்லாதவை என்று எண்ணிவிடக் கூடாது. கையொப்பமிட்ட ஒரு கூரியர் ரசீதில் இழப்பீட்டு வரம்பு 100 டாலர் என்று எழுதியிருந்ததை 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில், 2019ஆம் ஆண்டு அடுக்குமாடி வீட்டு வழக்கு ஒன்றில், ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே நீதிமன்றம் கண்டித்தது. புதிய சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்னும் கருத்தையே தனியாக வரையறுத்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையை நியாயமற்றது என்று அறிவித்துச் செல்லாததாக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்குமே உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. ஆகவே மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுக்கும் புகாரில் அந்தக் கோரிக்கையை எழுதாமல், தகவல் மறைப்பு, சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் ஆகியவற்றின் மீதே வழக்கை நிறுத்துங்கள்.

உங்கள் கணவரின் காயம் தனியான, சற்றுக் கடினமான விஷயம். கப்பலின் தளம் பயண நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாததால், அதற்குக் கப்பல் நிறுவனத்தையே பொறுப்பாக்க வேண்டும். ஈரம் எவ்வளவு நேரம் இருந்தது, எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்களா என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நீச்சல் குளத்தருகே ஈரம் இருப்பது இயல்புதானே என்று அவர்கள் கேட்பார்கள். விபத்து அறிக்கையின் நகலையும் அந்த நேரத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவையும் பாதுகாத்துத் தருமாறு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் இன்றே கேளுங்கள். காயத்துக்கான கோரிக்கையை ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று சில கப்பல் நிறுவனங்களின் சீட்டுகளில் இருக்கும். உரிமையை இப்படிக் காலக்கெடுவால் அழிக்கும் நிபந்தனையை நமது ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு செல்லாது என்கிறது. என்றாலும் வேற்றுநாட்டுச் சட்டமே பொருந்தும் என்று அவர்கள் வாதிடக்கூடும் என்பதால், 2026 ஜனவரி 17க்குள் அந்த அறிவிப்பு அவர்கள் கையில் சேர்ந்துவிட வேண்டும். மருத்துவச் செலவு 1,450 வெள்ளியை முதலில் உங்கள் பயணக் காப்பீட்டிலேயே கோருங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழக்கைவிட இது விரைவானது.

புகாரில் பயண நிறுவனத்தை முதல் எதிர்த்தரப்பாகவும் கப்பல் நிறுவனத்தை இரண்டாவதாகவும் சேருங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எதிராக உத்தரவு கிடைத்தாலும் அதை அங்கே நிறைவேற்றுவது பெரும்பாடு. மதுரையில் அலுவலகம் வைத்திருப்பவரிடம் நிறைவேற்றுவது எளிது. உத்தரவை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையோ, ரூ.25,000க்குக் குறையாத அபராதமோ விதிக்கச் சட்டத்தின் 72ஆம் பிரிவு இடமளிக்கிறது. பணம் செலுத்தியவர் நீங்கள் என்பதாலும், உங்கள் ஒப்புதலோடு சேவையைப் பெற்றவர்களும் நுகர்வோரே என்பதாலும், நால்வருக்கும் சேர்த்து நீங்களே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் ரூ.200 மட்டுமே. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. காலக்கெடு இரண்டாண்டுகள். இருந்தாலும் சாட்சிகளின் நினைவு மங்குவதற்குள் பதிவதே நல்லது.

எவ்வளவு கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். முழுத் தொகையையும் திருப்பிக் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆறு இரவுகள் தங்கினீர்கள், உண்டீர்கள், லங்காவியைப் பார்த்தீர்கள். கப்பல் பகுதிக்கான கட்டணத்தில் மலாக்கா, பினாங்கு நாட்களுக்குரிய விகிதம், நிற்காத துறைமுகங்களின் கட்டணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். மன உளைச்சலைப் பற்றி எழுதும்போது தாத்தாவைப் பற்றிய பகுதியைத் தவிர்க்காதீர்கள். முன்பதிவின்போது அதை வாட்ஸ்அப்பில் அவர்களிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து, 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள். நீங்கள் எதற்காக அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று அது காட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இந்த வாரமே கோயம்புத்தூர்க் குடும்பத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். அந்த மின்னஞ்சலைத் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து அனுப்பச் சொல்லாமல், வந்த தேதியும் அனுப்பியவர் முகவரியும் தெரியும்படி அப்படியே உங்களுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லுங்கள். அது கைக்கு வந்ததும், அதன் நகலை இணைத்துப் பயண நிறுவனத்துக்குப் பதினைந்து நாள் அவகாசம் தந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நோட்டீஸின் வாசகத்தைப் பார்த்துத் தருகிறேன்.