பழைய லாரியின் கட்டுப்பாட்டு மாட்யூல்: கழற்றும் முன் கேட்க வேண்டியவை

பழைய லாரி, பிக்கப் வண்டிகளில் எஞ்சினையும் மற்ற பாகங்களையும் இயக்கும் மின்னணுப் பெட்டியான கட்டுப்பாட்டு மாட்யூல் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஈசிஎம், ஈசியூ, கம்ப்யூட்டர் பெட்டி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நான் மாட்யூல் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என்னுடையது 12 வோல்ட் பழைய பிக்கப். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. மாட்யூல் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?

பதில்: இன்று வாங்காதீர்கள். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது இந்த மாட்யூலுக்கு அப்படியே பொருந்தும். வயரிலும் எர்த்திலும் இருக்கும் கோளாறுக்கு மாட்யூலைக் கழற்றி எறிந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இது சரியென்றால் எர்த்துக்கு வாருங்கள். சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், சிவப்பு முனையை மாட்யூல் கனெக்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள். கனெக்டரைக் கழற்றக் கூடாது. வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து தொட வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் எங்கோ தடை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பளபளவென்று ஆக்கி மறுபடி முறுக்குங்கள்.

இன்னொன்று முக்கியம். வயருக்குள் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும், மின்னோட்டம் இல்லாதபோது மீட்டர் 12.6 என்றுதான் காட்டும். சுமை ஏற்றினால்தான் உண்மை வெளியே வரும். மாட்யூல் கனெக்டரைக் கழற்றிவிட்டு, மெயின் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை இணையுங்கள். பேட்டரியில் நேராக வைத்தால் எரியும் அதே வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கினால் பழி வயர்மேல். சில வண்டிகளில் மாட்யூலுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான மெயின் ரிலேயை மாட்யூலே இயக்கும். அவற்றில் கனெக்டரைக் கழற்றியதும் சப்ளை நின்றுவிடும். அதைப் பார்த்து வயர் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சூடேறினால் நிற்பது, ஆறினால் ஓடுவது என்ற அடையாளம் எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாருக்கும் உண்டு, மாட்யூலுக்கும் உண்டு. பிரித்தறிய எளிய வழி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டு, மாட்யூலை மட்டும் ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். நின்றால் சந்தேகம் மாட்யூல்மேல் வலுக்கிறது. நிற்காவிட்டால் அடுத்து சென்சாரைச் சூடாக்கிப் பாருங்கள்.

கேள்வி: அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் கெட்டுப்போகிறது? சுற்றிலும் சீல் வைத்துத்தானே இருக்கிறது?

பதில்: இரண்டு நோய்கள் அதிகம். ஒன்று, சாலிடர் விரிசல். சூடேறி ஆறி, சூடேறி ஆறிப் பல்லாயிரம் முறை நடந்தால், பெரிய பின்களைச் சுற்றியுள்ள சாலிடரில் மெல்லிய வளையம்போல் கீறல் விழும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் வேண்டும்.

மற்றொன்று, கெப்பாசிட்டர் ஒழுகல். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் வந்த பல மாட்யூல்களில் உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். உள்ளிருக்கும் திரவம் வருடங்கள் போகப்போகக் கசிந்து பலகையில் பரவும். அப்படிப்பட்ட ஒரு பெட்டியைத் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும்: பழைய மீன் வாடை. கெப்பாசிட்டரின் காலடியில் பழுப்பாக ஒரு கறை, அதன் ஓரத்தில் பச்சை பூத்த செம்புத் தடம். அந்தத் தடம் முழுதாகத் தின்னப்படுவதற்கு முன் பிடித்துவிட்டால், கெப்பாசிட்டரை மாற்றி, பலகையைக் கழுவிக் காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: அண்ணா, புது மாட்யூல் போட்டு ஒரு வாரத்தில் அதுவும் போய்விட்டது. பொருள் தரமில்லையா?

பதில்: தம்பி, பழையதைக் கொன்றது எதுவோ அதுவே புதியதையும் கொன்றிருக்கும். எனக்கே இது நடந்தது. ஒரு லாரியில் மாட்யூலை மாற்றி, ஓட்டிப் பார்த்து, நிம்மதியாக அனுப்பி வைத்தேன். மூன்றாம் நாள், எரிபொருள் தெளிக்கும் ஓர் இன்ஜெக்டரை இயக்கும் டிரான்சிஸ்டர், பழைய மாட்யூலில் எரிந்த அதே டிரான்சிஸ்டர், புதியதிலும் எரிந்து வண்டி திரும்பி வந்தது. இன்ஜெக்டர் காயிலின் ஓமை, அதாவது மின்தடையை, நான் அளக்கவே இல்லை. இரண்டு நிமிட வேலை. அந்த உரிமையாளரின் முகம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து காயில்களை எல்லாம் அளந்து எழுதி வைக்காமல் புது மாட்யூலைப் பொட்டலத்திலிருந்து எடுப்பதில்லை.

கணக்கு எளியது. ஒரு சோலனாய்டு (மின்காந்த வால்வு) காயில் 12 ஓம் இருக்க வேண்டியது என்றால் 12 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் இழுக்கும். உள்ளே சுற்றுகள் ஒட்டி 2 ஓம் ஆகிவிட்டால் ஆறு ஆம்பியர் இழுக்கும். ஓர் ஆம்பியருக்கு ஏற்ற டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது. ஆகவே மாட்யூல் இயக்கும் இன்ஜெக்டர், சோலனாய்டு, ரிலே அனைத்தையும் அளந்து பாருங்கள். சரியான ஓம் எவ்வளவு என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். காயில் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை அளப்பது நல்லது. சில காயில்கள் குளிரில் சரியாகவே காட்டும்.

ஆல்டர்னேட்டரையும் விட்டுவிடாதீர்கள். 12 வோல்ட் வண்டியில் சார்ஜிங் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கலாம். மீட்டரை ஏசிக்கு மாற்றி பேட்டரி முனைகளில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் டையோடு பழுது.

கேள்வி: ஸ்கேன் கருவி மாட்யூலுடன் பேசவே மறுக்கிறது. செத்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. மாட்யூல் பல சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுக்கிறது, பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்து. அவற்றில் ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் முழுவதும் சரிந்துவிடும். சில மாட்யூல்கள் அதோடு மௌனமாகிவிடும். மீட்டரை 5 வோல்ட் வயரில் வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் துள்ளி எழுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் எழாவிட்டால் வயரிங்கைப் பாருங்கள், குறிப்பாகப் பிராக்கெட்டின் விளிம்பில் உரசும் இடங்களை.

வண்டியில் கேன் லைன், அதாவது மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர், இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு அதன் இரு வயர்களுக்கும் நடுவே ஓம் அளக்கவும். இரு கடைசியிலும் 120 ஓம் வீதம் இருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னும் பழைய லாரிகளில் கேன் கிடையாது, அங்கே இந்த அளவு பொருந்தாது.

பல்பு வைத்த டெஸ்ட் லேம்பால் மாட்யூலின் சிக்னல் பின்களைத் தொடாதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டமே உள்ளிருப்பதை எரித்துவிடும்.

கேள்வி: அதே எண் கொண்ட பழைய மாட்யூல் ஒன்று உடைத்த வண்டியிலிருந்து கிடைக்கிறது. மாட்டினால் ஓடுமா?

பதில்: எந்த எண் என்பதைப் பொறுத்தது. ஸ்டிக்கரில் வன்பொருளுக்கு ஓர் எண்ணும் மென்பொருளுக்கு இன்னோர் எண்ணும் இருக்கும். முதலாவது ஒத்துப்போனால் கனெக்டர் பொருந்தும், அவ்வளவுதான். இரண்டாவதும் ஒத்துப்போக வேண்டும், அல்லது உங்கள் வண்டிக்குரிய மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர் உள்ள வண்டியில், உங்கள் சாவியை அந்த மாட்யூலுக்குத் தெரியாது. செல்ஃப் அடிக்கும், எஞ்சின் பிடிக்காது. அல்லது இரண்டு நொடி ஓடி நிற்கும். பழைய மாட்யூலின் நினைவகச் சிப்பில் இருப்பதைப் படித்துப் புதியதில் எழுதத் தெரிந்தவர்கள் இதைத் தீர்த்துவிடுவார்கள்.

எனவே பழைய மாட்யூல் கொஞ்சமாவது பேசுகிறது என்றால், கழற்றும் முன்பே அதிலுள்ள டயர் அளவு, கியர் விகிதம், வேக வரம்பு, இன்ஜெக்டர் திருத்தக் குறியீடுகள் எல்லாவற்றையும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். அது முழுதாக ஊமையான பிறகு தேடி அலைவது பெரும் பாடு.

கேள்வி: மழை பெய்தால் வைப்பர் தானாக ஓடுகிறது, கேபின் விளக்குகள் கண் சிமிட்டுகின்றன. இதுவும் மாட்யூலா?

பதில்: ஆம், ஆனால் எஞ்சினுடையது அல்ல; விளக்கு, வைப்பர் போன்றவற்றை இயக்கும், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் பாடி மாட்யூல். அதை மாற்றும் முன் முன்கண்ணாடி ரப்பரைப் பாருங்கள். தண்ணீர் அங்கிருந்து சொட்டி வயர் கட்டு வழியாகவே இறங்கிக் கனெக்டருக்குள் போகும். கசிவை அடைக்காமல் மாட்யூலை மாற்றினால் அடுத்த மழை வரைதான்.

கேள்வி: லாரியின் சேஸியில் வெல்டிங் வேலை இருக்கிறது. மாட்யூலைக் கழற்ற வேண்டுமா?

பதில்: பெட்டியைக் கழற்ற வேண்டாம். பேட்டரி முனைகளையும் மாட்யூலின் கனெக்டர்களையும் கழற்றிவிடுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்கு மிக அருகில் பிடியுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. கணவருக்குப் பின் இரண்டு லாரிகளை நானே நடத்துகிறேன். மாட்யூலை நானே மாற்றலாம் என்கிறார்கள். எங்கே தவறு நடக்கும்?

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். லாக்கை முழுதாகத் திறந்தால் தானே வரும். பின்களை விரலால் தொட வேண்டாம், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போதும் சேதம் செய்ய. பெட்டியின் கீழே அதிர்வு தாங்கும் ரப்பர்கள் இருந்தால் புதியவற்றையே போடுங்கள். இக்னிஷன் மாட்யூல் என்றால் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவாமல் மாட்டக் கூடாது.

கனெக்டரைக் கழற்றியதும் உள்ளே நன்றாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். எண்ணெய் ஈரம் தெரிந்தால் அதைத் துடைத்துவிட்டு அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஆயில் பிரஷர் சென்சார் உள்ளே கசிந்தால், எண்ணெய் வயரின் இழைகளுக்குள்ளேயே, விளக்குத் திரியில் ஏறுவதுபோல ஊர்ந்து, சில மீட்டர் தாண்டி மாட்யூலுக்கே வந்து சேரும். சென்சாரை மாற்றி, எண்ணெய் ஊறிய அந்த வயரையும் மாற்றிய பிறகு கனெக்டரை எலக்ட்ரிக்கல் கிளீனரால் கழுவி, உலரவிட்டு மாட்டுங்கள். முதல் சில நிமிடங்கள் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். பல மாட்யூல்கள் புதிதாகக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஓரிரு நாள் ஓட்டியும் அடங்காவிட்டால், அளந்த எண்களுடன் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.